மரத்துக்கு ரேட் உண்டு, மரமேறுகிறவருக்கு?

(பொள்ளாச்சியில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடல் காற்றாலை பற்றிப் பேசச் சொன்னீர்கள். கடலே இல்லாத பொள்ளாச்சியில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம்.

2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை கடல் காற்றாலைகளுக்காக 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். காற்றாடி கடலில் நிற்கும். மின்சாரம் கரையேற வேண்டும். அதற்கான துணை மின்நிலையமும் உயர்மின் கோபுரங்களும் யாருடைய ஊரிலாவதுதான் நிற்கும். அது எப்படி நடக்கும் என்று கொங்குப் பகுதிக்கு நன்றாகத் தெரியும்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் மின்பாதை வந்தது. அங்கிருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட் பாதை போனது. 2018 டிசம்பரில் கொங்கு விவசாயிகள் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். சாலையோரமாக மண்ணுக்கடியில் கேபிள் பதியுங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்றார்கள். அதே திருச்சூர்ப் பாதை கேரளத்தில் வடக்கஞ்சேரியைத் தாண்டியதும் மண்ணுக்கடியில்தான் போகிறது! விவசாயிகளின் கோரிக்கை நியாயமானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கேள்வி வேறு. விவசாயி என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்?

நான் தோப்புக் கூலிக் குடும்பத்திலிருந்து வந்தவன். ஆய்வுக்காகப் போராட்டப் பந்தல்களுக்குப் போயிருக்கிறேன். முன்னால் தோட்டத்துக்காரர்கள், பின்னால் அவர்கள் தோட்டத்து ஆட்கள். கோரிக்கை மனுவில் நிலம், கிணறு, தென்னை எல்லாம் இருக்கும். ஆட்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். உயர்மின் கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது. தோப்பு போனால் காய் போடுகிறவர், மட்டை உரிக்கிறவர், ஓலை முடைகிறவர் எல்லோருக்கும் வேலை போகும். ஓலை முடையும் அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: “மரத்துக்கு ரேட் போட்டிருக்காங்க கண்ணு. எங்களுக்கு என்ன ரேட்டு?”

என்னிடம் பதில் இல்லை.

சட்டத்தைப் பார்ப்போம். இந்தக் கோபுரங்கள் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்த அதிகாரத்தில் நடப்பட்டவை. நிலத்தைக் கையகப்படுத்தாமல் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளும் சட்டம் அது. அதுகூடத் தொடர்புடைய அனைவருக்கும் இழப்பீடு என்றுதான் சொல்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டமோ, மூன்றாண்டுகள் அங்கே வேலை பார்த்துப் பிழைத்த கூலித் தொழிலாளியின் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. ஆனால் மின்கோபுரத்துக்கு நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. அதனால் அந்தப் பாதுகாப்பும் வந்து சேர்வதில்லை. 2024இல் ஒன்றிய மின்துறை புதிய வழிகாட்டுதல் தந்தது: கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் இரு மடங்கு, கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்குக் கிராமங்களில் 30 சதவீதம். எல்லாமே நில மதிப்பின் கணக்கு. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர் இந்தக் கணக்கில் எங்கே வருவார்? இழப்பீட்டிலும் சாதி இப்படித்தான் வேலை செய்கிறது.

இப்போது சாதியைப் பேசிப் போராட்டத்தைப் பிரிக்காதீர்கள் என்பார்கள். பந்தலில் முன்வரிசை, பின்வரிசை என்று உட்காரவைத்தது நாமா? கூலிக்காரரின் பெயரையும் மனுவில் எழுதினால் போராட்டம் பெரிதாகுமே தவிர உடையாது.

நாம் மின்சாரத்துக்கு எதிரிகளும் அல்ல. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்சாரமும் இருந்தது. நிலக்கரியை விட்டுக் காற்றுக்கு மாறத்தான் வேண்டும். அந்த மாற்றத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதுதான் நம் கேள்வி.

நாளை கடற்கரையிலும் இதே கேள்வி வரும். கடலுக்குப் பட்டா கிடையாது. மீன்பிடி இடத்தை இழப்பவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்?

ஆகவே தோழர்களே, அடுத்த முறை உங்கள் ஊரில் கோபுரத்துக்கு அளவெடுக்க வந்தால் பந்தலுக்குப் போங்கள். போகும்போது காலனியில் யார் யார் எந்தத் தோப்பில் எத்தனை ஆண்டுகளாக வேலை செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதி எடுத்துப் போங்கள். மனுவோடு அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால், நாமே தனியாக ஆட்சியரிடம் கொடுப்போம்.