வேகத்தை ஏன் வர்க்கப்படுத்தணும்?

ஃபேன் ஆஃப், ரூம்ல காத்தே அசையலைன்னு வெச்சுக்கோங்க. 27 டிகிரி செல்சியஸ். அந்தக் காத்துல இருக்கிற நைட்ரஜன் மூலக்கூறுகளோட ஆர்.எம்.எஸ். வேகம் விநாடிக்கு சுமார் 517 மீட்டர். ஒலியை விட வேகம்!

ஏன் நேரா சராசரி எடுக்கக் கூடாது? திசையோட சேர்த்துக் கூட்டினா, இடப்பக்கம் போறதும் வலப்பக்கம் போறதும் கழிஞ்சு ஜீரோ வந்துடும். சரி, திசையை விட்டுட்டு வேகத்தை மட்டும் எடுப்போமே? எடுக்கலாம். ஆனா இயக்க ஆற்றல் வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு மூலக்கூறு 300, இன்னொண்ணு 500ன்னா சராசரி 400. வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் போட்டா சுமார் 412. ரெண்டுமே 412ல ஓடினாத்தான் மொத்த ஆற்றல் அதே அளவு வரும். அழுத்தமும் வெப்பநிலையும் இந்தக் கணக்குலதான் நிக்குது.

ஆனா இந்த ஒத்தை எண்ணை மட்டும் நம்பிடாதீங்க. சர்வர் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும்: ஆவரேஜ் லேட்டன்சி அழகா இருக்கும், பி99 கதறும். வளிமண்டலத்தோட உச்சியில, 1000 கெல்வின் சூட்டுல, ஹைட்ரஜன் அணுவோட ஆர்.எம்.எஸ். வேகம் விநாடிக்கு சுமார் 5 கிலோமீட்டர். பூமியை விட்டுத் தப்பிக்க அங்கே கிட்டத்தட்ட 11 வேணும். அப்போ தப்பிக்கவே முடியாதுன்னுதானே தோணுது? கூட்டத்துல ஒரு சில அணுக்கள் எப்பவும் ரெண்டு மடங்குக்கு மேல ஓடும். அதுங்க கிளம்பிடும். மிச்சம் இருக்கிறது மோதி மோதி, மறுபடி சிலது அந்த வேகத்துக்கு வரும். இப்படியே கோடிக்கணக்கான வருஷமா ஹைட்ரஜன் கசிஞ்சிட்டே இருக்கு.

அதே சூட்டுல நைட்ரஜன் மூலக்கூறோட ஆர்.எம்.எஸ். வேகம் 1 கிலோமீட்டரைக்கூடத் தொடாது. அதனாலதான் அது நம்மகூடவே தங்கிடுச்சு.