எண்ணும் இசையும்



'பசு' என்னும் சொல்லிலும் 'காசு' என்னும் சொல்லிலும் ஈற்றில் நிற்பது ஒரே எழுத்து. ஏட்டில் இரண்டிற்கும் வேறுபாடில்லை. நாவிலோ, முன்னது ஒரு மாத்திரை ஒலிக்கும் முற்றியலுகரம். பின்னது அரை மாத்திரையாகக் குறுகிய குற்றியலுகரம். எழுத்து காட்டாமல் விட்டதை ஓதுவோரின் குரல் மீட்டுத் தருகிறது. ஒலியைக் குறியாக்கும்போது ஏதேனும் ஒன்று விடுபடும். குறியை மீண்டும் ஒலியாக்குபவரே அதனை உணர்ந்து ஈடுசெய்ய வேண்டும். யாப்பறிந்த இவ்வவைக்கு இது புதிய செய்தியன்று. இதே இடர்ப்பாட்டை நெதர்லாந்து நாட்டுப் பொறியாளர்கள் மின்சுற்றில் எதிர்கொண்டு வென்ற வரலாறு, வீட்டிலிருந்து இசை கேட்போர் யாவரும் அறியத்தக்கது.

குறுந்தகட்டில் இசை இல்லை, எண்களே உள்ளன. ஒலியலையின் உயரம் ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் பதினாறு இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணாக எழுதப்படுகிறது. இலக்கம் ஒவ்வொன்றும் சுழி அல்லது ஒன்று. இதனைப் 'பிட்' என்பர். ஒலியை இவ்வாறு எண்ணாக்கும் முறைக்கு அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1938இல் பாரிசில் காப்புரிமை கோரினார். அலையின் மிகவுயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இருமடங்கிற்கு மேற்பட்ட வேகத்தில் அளந்தால், இரு அளவுகளுக்கு இடைப்பட்டதும் இழக்கப்படுவதில்லை என்பதனைக் கிளாடு ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். ஆகவே கால இடைவெளியால் இழப்பில்லை.

இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. பதினாறு பிட்டுகள் தருவன 65,536 படிகள். அலையின் உண்மையான உயரம் இரு படிகளுக்கு நடுவே அமைந்தால், அண்மையிலுள்ள படியே அதன் அளவாகக் கொள்ளப்படும். இந்தத் தோராயப் பிழை இசையோடு கலந்த மெல்லிய இரைச்சலாகிறது. ஒரு பிட்டைக் கூட்டினால் இரைச்சல் ஏறத்தாழ 6 டெசிபெல் தணியும், முற்றிலும் மறையாது.

எண்ணை மீண்டும் மின்னலையாக்கும் கருவியே எண்-அலை மாற்றி. அதன் அடிப்படை எளிது. ஒன்றினும் ஒன்று இருமடங்கான பதினாறு மின்னோட்டங்களை அமைத்து, எண்ணில் 'ஒன்று' உள்ள இடத்திற்குரிய மின்னோட்டத்தை மட்டும் திறந்துவிட்டுக் கூட்டினால் போதும். சொல்வது எளிது, செய்வது அரிது. பெரிய மின்னோட்டம் சிறியதைப் போல் 32,768 மடங்கு. அதில் 65,536இல் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் சிறிய மின்னோட்டத்தின் பாதியளவு அழிந்துவிடும். எழுபதுகளில் சிலிக்கன் சில்லில் இத்தகைய துல்லியத்தை வார்த்தெடுப்பது மிகக் கடினமாக இருந்தது.

ஐந்தோவன் நகரின் பிலிப்ஸ் நிறுவன ஆய்வாளர் ரூடி வான் டெ பிளாசெ இதற்கு ஒரு வழி கண்டார். முற்றும் சமமான இரு மின்னோட்டங்களை உண்டாக்க அவர் முயலவில்லை. ஏறத்தாழச் சமமாகப் பிரித்து, இரண்டின் இடங்களையும் விரைந்து மாற்றிக்கொண்டே இருக்கச் செய்தார். ஒரு கணம் மிகையாக நின்றது மறுகணம் குறையாக நிற்கும். சராசரியில் இரண்டும் சமமாகும். இம்முறையில் பிறந்தது டி.டி.ஏ. 1540 என்னும் பதினான்கு பிட் மாற்றி.

1979 மார்ச் 8இல் பிலிப்ஸ் தன் குறுந்தகட்டு முன்மாதிரியை ஐந்தோவனில் செய்தியாளர்க்குக் காட்டியது. அதன்பின் ஜப்பானின் சோனி நிறுவனத்தோடு பொதுத்தரம் வகுக்கும் பேச்சு நடந்தது. பிலிப்ஸ் பதினான்கு பிட்டுகளை விரும்பியது. சோனி பதினாறையே வலியுறுத்தியது. 1980இல் பதினாறே முடிவாயிற்று. கையிலிருந்த சில்லோ இரண்டு பிட்டுகள் குறைவுடையது.

பிலிப்ஸ் பொறியாளர்கள் அச்சில்லைக் கைவிடவில்லை. தகட்டிலிருந்து வரும் ஒவ்வோர் இரண்டு எண்களுக்கும் இடையே மூன்று புதிய எண்களைக் கணக்கிட்டுச் சேர்த்தனர். நொடிக்கு 44,100 என்பது 1,76,400 ஆயிற்று. செவிக்கெட்டும் எல்லைக்குள் அடங்கியிருந்த தோராய இரைச்சல் நான்கு மடங்கு பரப்பில் விரிந்து, கேட்கும் பகுதியில் 6 டெசிபெல் குறைந்தது. அடுத்து, கணக்கிட்ட எண்ணைப் பதினான்கு பிட்டாகச் சுருக்கும்போது மிஞ்சிய துணுக்கை எறிந்துவிடாமல், சில்லறைப் பாக்கியை அடுத்த கணக்கில் சேர்க்கும் கடைக்காரரைப் போல, அடுத்த எண்ணோடு சேர்த்தனர். இதனால் பிழையின் பெரும்பகுதி செவிக்கெட்டாத உயர் அதிர்வெண்களுக்கு ஒதுங்கியது. மேலும் 7 டெசிபெல் ஆதாயம் கிட்டியது. பதினான்கு பிட்டுக்குரிய 84 டெசிபெல் 97 ஆயிற்று. இது பதினாறு பிட்டின் தரமே.

இதனால் மற்றொரு நன்மையும் விளைந்தது. எண்கள் அலையாகும்போது செவிக்கெட்டாத நிழலலைகளும் உடன் தோன்றும். அவற்றை வடிகட்ட வேண்டும். 1982 அக்டோபர் 1இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் சி.டி.பி. 101 கருவி உண்மையான பதினாறு பிட் மாற்றியைக் கொண்டிருந்தது. ஆனால் அதன் வடிகட்டி, 20,000 அதிர்வு வரை விட்டு, 24,100இலிருந்து தோன்றும் நிழலை அடைத்தாக வேண்டும். அத்துணைச் செங்குத்தான மின்வடிகட்டி, உச்ச ஒலிகளின் காலப் பொருத்தத்தைச் சற்றே குலைக்கும். பிலிப்சின் கருவியிலோ அருகிலுள்ள நிழல்களைக் கணக்கீடே நீக்கிவிட்டது. இறுதியில் மென்மையான வடிகட்டியே போதுமானதாயிற்று.

துல்லியமான எண்ணும் காலம் தவறி வந்தால் பிழையாகும் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. 20,000 அதிர்வுடைய முழுவலிமை ஒலியில், பதினாறு பிட்டின் அரைப்படி அளவு கெடுவதற்கு ஒரு நொடியின் ஏறத்தாழ 800 கோடியில் ஒரு பங்கு தடுமாற்றம் போதும். அந்நேரத்தில் ஒளியே மூன்றரை சென்டிமீட்டர் தொலைவுதான் செல்லும். ஆதலால் வீட்டுக்கெனத் தரமான மாற்றி அமைப்போர் சில்லோடு நின்றுவிடுவதில்லை. காலத்துடிப்பு தரும் படிகத்தை மாற்றியின் அருகிலேயே வைப்பர். மின்வழங்கியின் இரைச்சல் அதனைத் தீண்டாது காப்பர். மின்னோட்டத்தை மின்னழுத்தமாக்கும் இறுதிச் சுற்றினைக் கவனமாகத் தேர்வர். ஓசை நயத்திற்குத் தளையைப் போலவே சீரும் முறையாக அமைய வேண்டுமன்றோ!

1985இல் டி.டி.ஏ. 1541 என்னும் பதினாறு பிட் சில்லை அதே நிறுவனம் வெளியிட்டது. ஆயினும் காலம் பின்பற்றியது பதினான்கு பிட் சில்லோடு வளர்ந்த வழியையே. இன்றைய மாற்றிகளுள் பெரும்பாலானவை மிகச் சில படிகளை மட்டும் கொண்டு, நொடிக்குப் பல இலட்சம் முறை இயங்கி, பிழையைச் செவிக்கு அப்பால் தள்ளுகின்றன. கைப்பேசிக்குள் பாடும் சில்லும் இம்மரபினதே.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. பிழையே இல்லாத கருவியை ஐந்தோவன் பொறியாளர்கள் செய்யவில்லை, செய்யவும் இயலாது. பிழை எங்கே சென்று தங்கலாம் என்பதனை அவர்கள் முடிவு செய்தனர். அம்முடிவுக்கு அவர்கள் கொண்ட அளவுகோல் கேட்பவரின் செவி. சொல்லுக்குள் அனுபவம் முழுவதையும் அடக்கிவிட எந்தக் கவிஞராலும் இயலாது. விடுபடுவது எப்போதும் உண்டு. எதனை விடுவது, எங்கே விடுவது என்று அறிந்து விட்டவரின் பாட்டில் கேட்போர்க்கு அக்குறை தோன்றுவதில்லை. பத்தாண்டுகளாகப் பாட்டைப் பாடியும் கேட்டும் வளர்ந்த இம்மன்றத்தார்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.