பச்சை உடம்பும் ஔஷத தானமும்

(மகளிர் அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்தது சமண நெறி. அவற்றுள் மருந்துக்குத் தமிழ்ச் சமணர் அளித்த மதிப்பை அவர்தம் நூற்பெயர்களே காட்டும். காரியாசான் தம் நீதிநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். அறத்தை மருந்தாகக் கண்டவர் வழிவந்தோர், மருந்து கொடுக்கும்போதும் அறத்தின் அளவுகோல்களைக் கைவிடுதல் கூடாது. அவை அகிம்சையும் வாய்மையும் ஆகும்.

2019–21-இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 21.5 விழுக்காட்டுப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையால் நிகழ்ந்தன, தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு. ஆதலின் சிசேரியன் என்பது இன்று எங்கோ ஒரு வீட்டுச் செய்தியன்று. வயிற்றின் தோல் முதல் கருப்பை வரை பல அடுக்குகள் அறுக்கப்பட்டுத் தைக்கப்படுகின்றன. மேல்தோல் ஓரிரு வாரங்களில் கூடிவிடும். உள்ளடுக்குகள் வலுப்பெற ஆறு வாரமேனும் ஆகும். ‘பச்சை உடம்பு’ என்று மூத்தோர் சொன்னது இத்தாய்க்கு இருமடங்கு பொருந்தும்.

இத்தகைய தாய் இருக்கும் வீடுகளில் அடிக்கடி நிகழ்வது ஒன்றுண்டு. வலி தாங்காமல், மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை அவள் கையில் எடுக்கிறாள். ‘பாலில் இறங்கிப் பிள்ளைக்குப் போய்விடுமே’ என்று ஒரு குரல் தடுக்கிறது. மாத்திரை மீண்டும் உறைக்குள் போகிறது. அதனிடத்தில் வெண்ணிறச் சர்க்கரை உருண்டைகள் வருகின்றன. அன்பினால் செய்வதே இது. ஆயினும் அறிவோடு கூடாத அன்பு தானமாக நிறைவுறாது.

ஹோமியோபதியை வகுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன். 1796-இல் அதன் கொள்கையை வெளியிட்டு, 1810-இல் ‘ஆர்கனான்’ என்னும் நூலாக விரித்தார். ஒரு பொருள் நலமுடையோரிடம் உண்டாக்கும் குறிகளையே, நோயுற்றோரிடம் அப்பொருள் நீக்கும் என்பது அக்கொள்கை. அம்முறையில், கன்றிய உடம்பிற்கு அர்னிகா, கத்திபட்ட காயத்திற்கு ஸ்டாஃபிசாக்ரியா, நரம்பு வலிக்கு ஹைபெரிகம், பிள்ளை பெற்றுச் சோர்ந்தவளுக்கு செபியா எனக் கொடுப்பது வழக்கம்.

இம்மருந்துகளில் இருப்பது எவ்வளவு? ஒரு பங்கு மருந்தை 99 பங்கு கரைப்பானில் கலந்து, அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்கில் கலந்து, இவ்வாறு முப்பது முறை செய்தது ‘முப்பதாம் வீரியம்’. பன்னிரண்டாம் வீரியத்தைக் கடந்தாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுவது அரிது என்பது வேதியியல் கணக்கு. ஆகவே உயர்வீரிய உருண்டைகள் தாய்ப்பாலைக் கெடுக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பாலுக்குள் இறங்க அவற்றில் சர்க்கரையன்றி ஏதுமில்லை. காயத்தை ஆற்றவும் அவற்றில் ஏதுமில்லை என்பது அதே கணக்கின் மறுபக்கம். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து நோக்கிய ஆஸ்திரேலியத் தேசிய நலவாழ்வு, மருத்துவ ஆராய்ச்சி மன்றம், ஹோமியோபதி பயனளிக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று எந்த நோய்க்கும் இல்லை என 2015-இல் அறிவித்தது. இந்தியச் சட்டம் அம்முறையை ஏற்றுள்ளது; பதிவுபெற்ற மருத்துவர் பொறுமையாகக் கேட்டுத் தரும் ஆறுதலும் உண்மையானதே. ஆனால் ஆறுதல் வேறு, மருந்து வேறு. இவ்வேறுபாட்டைத் தாய்க்கு மறையாமல் உரைத்தலே வாய்மை.

தாய்த் திரவம் எனப்படும் செறிந்த சாறுகளும் தாழ்ந்த வீரியங்களும் மேற்கூறிய கணக்கில் அடங்கா. அவற்றில் மூலப்பொருள் மெய்யாகவே உண்டு. தாய்த் திரவத்தில் சாராயமும் உண்டு. ஆறாத தையலின்மீது அர்னிகா களிம்பைத் தடவலாகாது. குழந்தை வாய்வைக்கும் மார்பிலும் மருத்துவரைக் கேளாமல் எதையும் பூசலாகாது.

இனி, உறைக்குள் திரும்பிப்போன அம்மாத்திரையின் உண்மை என்ன? சிசேரியனுக்குப் பின் பெரும்பாலும் தரப்படும் பாராசிட்டமால், ஐபுபுரோஃபன் ஆகியவை பாலில் மிகச் சிறிதளவே கலக்கின்றன. மருத்துவர் குறித்த அளவில், பாலூட்டும் தாய் இவற்றை உட்கொள்ளலாம் என்பது மருத்துவ உலகின் தெளிந்த முடிவு. அஞ்ச வேண்டியவை வேறு: கோடீன், டிரமடால் ஆகியவற்றைப் பாலூட்டுவோர் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. ஆகவே தானே மாத்திரையை நிறுத்துவதினும், ‘பாலூட்டுகிறேன், இது ஏற்றதா?’ என்று மருத்துவரைக் கேட்பதே நேர்வழி. வலியைப் பொறுத்துக்கொண்ட தாயால் நிமிர்ந்து உட்காரவும், எழுந்து நடக்கவும், பிள்ளையை மார்போடு அணைக்கவும் இயலாது. பிள்ளைக்காக மருந்தை மறுத்தவள், அந்த மறுப்பினாலேயே பிள்ளைக்குப் பாலூட்ட முடியாமல் போகிறாள்.

அகிம்சை பற்றியும் ஒன்று. புட்டியின்மீது எழுதியிருப்பது இலத்தீன் பெயர். செபியா என்பது கணவாய் மீனின் மை; அபிஸ் என்பது தேனீ; லாக்கெசிஸ் என்பது பாம்பின் நஞ்சு; கல்கேரியா கார்ப் என்பது சிப்பியின் ஓடு. மதுவும் புலாலும் தேனும் விலக்கிய இல்லறத்தார், உள்ளே எஞ்சியது எவ்வளவு என்பதோடு, முதலில் எவ்வுயிரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் வினவும் உரிமையுடையர். நீதி இருபுறமும் ஒன்றே. ஆங்கில மருத்துவத்தின் காப்ஸ்யூல் கூடும் பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் செய்யப்படுவது. ‘மாத்திரை வடிவில் கிடைக்குமா?’ என்று கேட்பதில் நாணமில்லை. ஆனால் உயிர்காக்கும் மருந்தைக் கேள்வியின் பெயரால் தள்ளிப்போடுதல் தகாது. தாயும் சேயும் துன்புறுதலும் இம்சையே.

உருண்டையால் நேரும் பெருந்தீங்கு, அதை நம்பிக் காலம் கடத்துவதே. தையல் சிவந்து வீங்குதல், சீழ் வடிதல், 100.4 பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல், துர்நாற்றமுள்ள உதிரப்போக்கு, ஒரு மணி நேரத்தில் ஓர் அணையாடை முழுதும் நனைதல், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், கடுந்தலைவலி, வலிப்பு ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும், 108-ஐ அழைக்கலாம். பிள்ளைமேல் பற்றின்மை, ஓயாத அழுகை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை தோன்றினால் ‘செபியா கொடுத்தால் சரியாகும்’ என்று வாளாவிருத்தல் கூடாது. அது பிரசவத்திற்குப் பின் வரும் மனச்சோர்வு நோய். மருத்துவம் உண்டு, குணமும் உண்டு.

இல்லத்தார் தரக்கூடிய ஔஷதங்கள் வேறு பல உள. கைத்தாங்கலாக அவளை நடத்துதல். அது காலில் குருதி உறையாமல் காக்கும். குழந்தையினும் கனமான எதையும் ஆறு வாரம் அவளைத் தூக்கவிடாமை. தையலில் பிள்ளையின் கால் படாதவாறு, ஒருக்களித்துப் படுத்தோ, பிள்ளையைக் கக்கத்தின் பக்கம் ஏந்தியோ பாலூட்டத் துணைநிற்றல். பால் சுரக்க ஓரிரு நாள் தாமதித்தாலும் ‘உனக்குப் பாலில்லை’ என்று சொல்லாமை. சீம்பால் சில துளியே ஆயினும் பிறந்த குழந்தைக்கு அது போதும். இரவில் அழும் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளை உறங்கவிடுதல்.

வலிக்கு மருந்து கொடுப்பது ஔஷத தானம். ‘இந்த மருந்தால் உன் பிள்ளைக்குத் தீங்கில்லை’ என்று உண்மை அறிந்து சொல்லி அவள் அச்சத்தைப் போக்குவது அபய தானம். ஒரு தாயின் படுக்கையருகே இவ்விரண்டையும் ஒருங்கே செய்யலாம். தாயரும் சேயரும் நலம்பெற்று வாழ்க.