பழைய ஆம்ப்ளிஃபயரை எடைக்குப் போடாதீர்கள்
(நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கஞ்சிராவைக் கச்சேரி மேடையேற்றியவர் நம் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அதன் குழைந்து இறங்கும் அடித்தொனி லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் வராது. பரணில் இருக்கும் உங்கள் ஸ்டீரியோவில் வரும்.

ப்ளூடூத் பொதுவாக ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும். அதனால் ‘டாக்’ என்ற சிறு பெட்டியை லேப்டாப்பின் யூஎஸ்பியில் செருகுங்கள். அதிலிருந்து சிவப்பு, வெள்ளை முனை வயரை ஆம்ப்ளிஃபயரின் ‘ஆக்ஸ்’ துளையில் கொடுங்கள். ‘ஃபோனோ’ வேண்டாம், அது இசைத்தட்டுக் கருவிக்கு உரியது, ஒலி சிதையும்.

அடுத்து, செயலியின் அமைப்பு. ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் ‘லாஸ்லெஸ்’ கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நாம்தான் அதை இயக்க வேண்டும். விண்டோஸின் சவுண்ட் அமைப்பிலும் 24 பிட், 96000 ஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே உள்ள அளவுக்கு அது மாற்றிவிடும்.

பென்ஷன்காரர்களுக்கு ஒரு கணக்கு. சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸே சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யும். இளம் காதுக்கே எல்லை 20,000 அளவில்தான். நம் வயதில் இன்னும் குறைவு. பழைய கிராமபோன் பதிவை 24 பிட்டில் கேட்டாலும், போடாத பணத்தை எடுக்க முடியாது. ஆகவே விலையுயர்ந்த வயருக்குச் சேமிப்பைக் கரைக்காதீர்கள். ஸ்பீக்கரைச் சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி வையுங்கள். செலவில்லாமல் ஒலி தெளியும்.

இரவு பத்து மணிக்கு மேல் ஹெட்ஃபோன். அடுத்த வீட்டுக் குழந்தையும் தூங்க வேண்டும்.