புது மனமே பொன்விழாக் காணிக்கை

(பொன்விழா ஆண்டின் டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, நன்றி வழிபாட்டில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்னும் சிறிது நேரத்தில் கோயில் மணி ஒலிக்கும். பழைய ஆண்டு விடைபெறும். புதிய ஆண்டு பிறக்கும். இனிக் குடிக்க மாட்டேன், கோபிக்க மாட்டேன், நாள்தோறும் ஜெபமாலை சொல்லுவேன் என்று நம்மில் பலரும் தீர்மானம் செய்வோம். ஆனால் நடப்பது என்ன? குடிலைப் பிரித்துச் சுரூபங்களைப் பெட்டியில் வைக்கும்போதே தீர்மானங்களையும் சேர்த்துக் கட்டி வைத்துவிடுகிறோம். பொங்கல் பானை பொங்குவதற்குள் பழைய மனிதன் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறான்.

ஏன் இப்படி? புது வாழ்வை நம்முடைய முயற்சி என்று மட்டும் எண்ணிவிடுவதால்தான். கிறிஸ்தவனுக்குப் புது வாழ்வு முதலாவது இறைவனின் கொடை. அதன் பிறகே அது நம் முயற்சி. இதற்குச் சான்றாக, ஒரே நாட்டில் ஒரே கிறிஸ்துமஸ் நாளில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை இன்று நாம் சிந்திப்போம்.

ஆண்டு 1886. பிரான்சு நாட்டில் லிசியே என்னும் ஊர். லூயி மார்ட்டின் என்பவர் தம் மக்களோடு நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு திரும்புகிறார். கடைசி மகளுக்குப் பதினான்கு வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன. நாலரை வயதில் தாயை இழந்த பிள்ளை, தொட்டதற்கெல்லாம் அழுவாள். அழுத பிறகு, ஏன் அழுதோம் என்று நினைத்து மறுபடியும் அழுவாள். அந்நாட்டுக் குழந்தைகள் கிறிஸ்துமஸ் இரவில் தங்கள் காலணிகளை அடுப்பங்கரையில் வைப்பார்கள்; பெற்றோர் அதில் பரிசுகளைப் போட்டு வைப்பார்கள். அன்று களைத்திருந்த தந்தை, நல்லவேளை, இந்தச் சிறுபிள்ளை வழக்கம் இந்த ஆண்டோடு முடிகிறது என்ற பொருளில் சலித்துக்கொண்டார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் அது விழுந்தது. கண்கள் நிறைந்தன. இப்போது கீழே போகாதே என்று அக்காள் செலின் தடுத்தாள். ஆனால் சிறுமி கண்ணீரை அடக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். தந்தையின் முன்னிலையில் பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்து மகிழ்ச்சியோடு காட்டினாள். தந்தையின் முகமும் மலர்ந்தது.

அவ்வளவுதான் நடந்தது. அந்தச் சிறுமியே நாம் சிறுமலர் என்று போற்றும் புனித குழந்தை தெரேசம்மாள். தம்முடைய முழு மனமாற்றம் அந்த இரவில்தான் நிகழ்ந்தது என்று பின்னாளில் அவரே எழுதி வைத்தார். தம்மிடம் இருந்தது நல்ல மனது மட்டுமே, மற்றதை இயேசு செய்தார் என்கிறார். 1888-இல் பதினைந்து வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்து, 1897-இல் இருபத்துநான்கு வயதில் இறந்த அவர், 1925-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அதே கிறிஸ்துமஸ் நாளின் மாலையில், பாரிசு நகரின் நோத்ர் தாம் பேராலயத்தில் பதினெட்டு வயது வாலிபன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். பெயர் பால் குளோதேல். விசுவாசத்தை இழந்தவன். வேறு வேலை இல்லாததால் வந்தவன். பாடகர் குழுவினர் மாலைச் செபத்தில் மரியன்னையின் புகழ்ப்பாடலைப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் உள்ளம் தொடப்பட்டது, விசுவசித்தான்.

ஆனால் அன்றே அவன் மாறிவிட்டானா? இல்லை. அதன் பிறகு நான்கு ஆண்டுகள் தன்னோடு தானே போராடினான். சுற்றத்தாரும் நண்பர்களும் ஏளனம் செய்வார்களே என்ற பயம் அவன் காலைக் கட்டியது. 1890-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில்தான் அதே பேராலயத்தில் நற்கருணை பெற்றான். பிற்காலத்தில் பிரான்சு நாட்டுத் தூதுவராகவும் பெரும் கவிஞராகவும் விளங்கி 1955-இல் காலமானவர் இவரே.

ஒருவர் நொடியில் மாறினார். மற்றவருக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அருள் ஒன்றே; வழிகள் வேறு. ஆகவே, உடனே மாற முடியவில்லையே என்று யாரும் மனம் உடைய வேண்டாம். இன்னும் காலம் இருக்கிறது என்று யாரும் அசட்டையாக இருக்கவும் வேண்டாம்.

பிரியமானவர்களே, பிறருக்குப் போதிக்கும் நாம் நம்மையும் சோதித்துப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் திருவிழாக் கணக்கில் ஒரு குறை தெரிந்தது. தீர விசாரிக்காமல், இதே மேடையிலிருந்து ஒருவரைச் சாடையாகக் குத்திப் பேசினோம். பெயரைச் சொல்லவில்லை, ஆனாலும் அத்தனை பேருக்கும் ஆள் யார் என்று தெரிந்தது. பிறகு கணக்கைத் திரும்பப் பார்த்தபோது, பிழை நம்முடைய கூட்டலில் இருந்தது. அதற்குள் அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். உண்மை தெரிந்தும் நாம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று கிறிஸ்துமஸ் கடந்தன. மூன்றிலும் சமாதானத்தைப் பற்றியே பிரசங்கம் செய்தோம்! சாமியார் போய் மன்னிப்புக் கேட்டால் மரியாதை என்னாகும் என்ற பயம்தான் காரணம். பாரிசு வாலிபனைக் கட்டிய அதே கயிறு!

இந்தத் திருவருகைக் காலத்தில் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தவறு நம்முடையது என்று சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டம்மா காப்பி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தோம். கிறிஸ்துமஸ் பூசைக்கு அவர் வரவில்லை. வருவதும் வராததும் அவருக்கும் இறைவனுக்கும் உள்ள காரியம். ஆனால் நம்முடைய கடன் இன்னும் தீரவில்லை. கோயிலில் வைத்துக் கெடுத்த பெயரைக் கோயிலில் வைத்தே திருப்பிக் கொடுப்பதுதான் நீதி. எனவே இன்று எல்லார் முன்னிலையிலும் சொல்லுகிறோம்: அந்தக் கணக்கில் அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. விழா மலரிலும் இதை அப்படியே அச்சிடச் சொல்லியிருக்கிறோம்.

பொன்விழா என்றால் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதும் மின்விளக்குப் போடுவதும் மட்டுமா? லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஐம்பதாம் ஆண்டில், பாவப் பரிகார நாளன்று, நாடெங்கும் கொம்பு ஊத வேண்டும். விற்ற நிலம் உரியவனுக்குத் திரும்ப வேண்டும். அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். ஜூபிலி என்ற சொல்லே அந்த ஆட்டுக்கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. திருப்பிக் கொடுப்பதும் திரும்பி வருவதுமே ஜூபிலி.

நம் பங்கில் ஒரே சுவருக்கு இரு பக்கமும் குடியிருந்து, ஆண்டுக்கணக்காக முகம் பாராத அண்ணன் தம்பிகள் உண்டு. பாகப்பிரிவினையில் தங்கைக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காத அண்ணன்மார் உண்டு. மருமகளோடு பேசாத மாமியார் உண்டு. இவர்களுக்கெல்லாம் நீண்ட தீர்மானப் பட்டியல் வேண்டாம். மூன்று காரியம் போதும். நல்ல பாவசங்கீர்த்தனம் ஒன்று செய்யுங்கள். பிறருக்குச் சேர வேண்டியது ஏதேனும் இருந்தால், அதைத் திருப்பிக் கொடுங்கள். போகாமல் விட்ட ஒரு வீட்டுக்குப் போய் வாருங்கள். கதவு திறக்குமோ திறக்காதோ என்று கணக்குப் பார்க்க வேண்டாம். பெத்லகேமில் இடமில்லை என்று சொன்ன பிறகும் நம்மிடம் வந்தவர் அல்லவா நம் ஆண்டவர்?

புத்தாண்டின் முதல் நாளை இறைவனின் தாயாகிய மரியாளின் பெருவிழாவாகத் திருச்சபை நமக்குத் தந்திருக்கிறது. 1968 முதல் அது உலக சமாதான நாளும் ஆகும். அந்தச் சமாதானம் நம் தெருவிலிருந்து தொடங்கட்டும். அன்னையின் பரிந்துரையால் இறைவன் உங்கள் இல்லங்களையும் வயல்களையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.