பகற் காப்பகமும் ஊராரின் பொறுப்பும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நடவுக்குச் செல்லும் தாய் தன் கைப்பிள்ளையை எங்கே விட்டுச் செல்கிறாள் என்னும் கேள்வியை நாம் அதிகமாகக் கேட்பதில்லை. அவள் வரப்போரத்து மரத்தில் தூளி கட்டுகிறாள். அல்லது கண் மங்கிய பாட்டியின் பொறுப்பில் விடுகிறாள். இரண்டும் இயலாதபோது பள்ளிக்குச் செல்லவேண்டிய மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்திவிடுகிறாள். முதலாவதில் பூச்சி பொட்டுக்கு அஞ்ச வேண்டும். இரண்டாவதில் கிணற்றுக்கும் குளத்துக்கும் அஞ்ச வேண்டும். மூன்றாவதில் உள்ள கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆயினும் அச்சிறுமியின் கல்வி அன்றே தடைப்படத் தொடங்குகிறது.

ஆகவே, ஓர் ஊரில் பகற் காப்பகம் நன்கு நடைபெறுமாயின் பிள்ளை, தாய், தமக்கை ஆகிய மூவரும் நலம் பெறுவர். அது பெயரளவில் நடைபெறுமாயின் மூவரும் இழப்பர். இன்று தங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து இதுவே.

இவ்வுண்மையைச் செயலிற் காட்டியவர்களுள் தாராபாய் மோடக் அம்மையாரும் அவருடைய துணைவராக உழைத்த அனுதாய் வாக் அம்மையாரும் முதன்மையானவர்கள். 1945-ஆம் ஆண்டில், அந்நாளைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த போர்டி என்னும் கடற்கரைச் சிற்றூரில் பாலர் பள்ளிப் பணியைத் தொடங்கினர். கட்டடத்தைத் திறந்து வைத்தால் மட்டும் ஏழை மக்களின் பிள்ளைகள் வந்துவிடுவதில்லை என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். ஆதலின் குடியிருப்பின் முற்றத்துக்கே சென்று பிள்ளைகளைக் கூட்டினர். முற்றம் எனப் பொருள்படும் 'அங்கன்' என்னும் சொல்லே இன்றைய அங்கன்வாடியின் பெயரில் நிற்கிறது. விலையுயர்ந்த கருவிகளுக்கு மாறாகக் கிளிஞ்சல், விதை, இலை ஆகியவற்றையே அவர்கள் விளையாட்டுப் பொருள்களாக்கினர். 1957-இல் அப்பணி கோஸ்பாட் என்னும் இடத்துக்கு மாறிற்று. அங்கே கைக்குழந்தைக் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்தன. தம்பியைச் சுமந்து வந்த சிறுமி அவனைக் காப்பகத்தில் விட்டுத் தானும் பாடம் கேட்க இயன்றது. காலத்தையும் இடத்தையும் சற்றே மாற்றி அமைத்தமையால் விளைந்த பயன் இது.

1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982 ஜூலை முதல் நாள் நம் மாநிலத்தின் ஊர்ப்புறங்களில் சத்துணவுத் திட்டம் பாலர்களுக்கும் பள்ளிச் சிறுவர்களுக்கும் வந்தது. இன்று தமிழகத்தில் 54,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ளன. ஆகவே, நம்மிடம் மையம் உண்டா என்பது இனிக் கேள்வியன்று. அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதே கேள்வி.

நன்கு நடைபெறும் மையத்தில் ஒரு நாள் எவ்வாறு கழிய வேண்டும் என்பதைச் சிறிது விளக்குகிறேன்.

காலையில் பிள்ளைகள் வருமுன் தரை பெருக்கப்பட்டு, குடிநீர்ப் பானை மூடி வைக்கப்பட்டிருக்க வேண்டும். வரும் ஒவ்வொரு பிள்ளையையும் பணியாளர் பெயர் சொல்லி அழைத்து, உடம்பு சுடுகிறதா, கண்ணில் பீளை கட்டியிருக்கிறதா, மேலில் சிரங்கு உண்டா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பிடிக்கும் நேரம் ஒரு நிமிடமே. ஊரில் பரவவிருக்கும் நோயை முதலில் கண்டறியும் இடம் இதுவாகும்.

பின்னர்ப் பாட்டும் கதையும் விளையாட்டும். புளியங்கொட்டையை எண்ணுதல், மணலைக் கொட்டாங்கச்சியில் அளத்தல், களிமண்ணில் மாடும் வண்டியும் செய்தல் ஆகிய இவையே மூன்று வயதுப் பிள்ளையின் பாடங்கள். "இன்னும் எழுதப் பழக்கவில்லையே" என்று பெற்றோர் சிலர் குறைப்படுகின்றனர். களிமண்ணைப் பிசைந்த விரலே பின்னர்ப் பென்சிலை உறுதியாகப் பிடிக்கும். நிலத்தைப் பண்படுத்தாமல் விதைப்பவர் யார்? மூளையின் வளர்ச்சியில் பெரும்பகுதி ஆறு வயதுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. அக்காலத்தில் பிள்ளையுடன் பேசுவதும் அது பேசுவதைக் கேட்பதும் உணவைப் போன்றே இன்றியமையாதன.

நண்பகலில் சோப்பினால் கைகழுவியபின் உணவு. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர வேண்டும். சமைப்பவர் எந்தத் தெருவினர் என்று பார்த்துப் பிள்ளையை அனுப்பாதிருக்கும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின், அதை அகற்றும் கடமை பணியாளருடையதன்று; ஊர்ப் பெரியோர்களாகிய தங்களுடையது. உறுப்பினர் ஒருவர் தம் பேரப்பிள்ளையை அவ்வரிசையில் அமர்த்துவாராயின், அது பத்துச் சொற்பொழிவுகளுக்கு ஈடாகும்.

உணவுக்குப் பின் காற்றோட்டமான நிழலில் உறக்கம். மாதந்தோறும் எடை பார்த்தல். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறையுமாயின் அது கடுமையான ஊட்டக்குறைவின் அறிகுறி; காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி, பிள்ளைகளை நடத்தும் முறையைப் பற்றி ஒரு சொல். புதிதாக வரும் பிள்ளை அழும். அதை அழவிட்டுக் கதவைச் சாத்துவது முறையன்று. முதல் சில நாள்கள் தாயோ பாட்டியோ உடனிருந்து, நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். தாய் பிள்ளைக்குத் தெரியாமல் நழுவிச் செல்லாமல், "மாலையில் வருவேன்" என்று சொல்லிச் சென்று, சொன்னபடி வரவேண்டும். அதனால் பிள்ளை நம்பிக்கையைக் கற்கிறது. பூச்சாண்டி காட்டுதலும், ஆடையை நனைத்த பிள்ளையை ஏசுதலும், கையோங்குதலும் கூடா. அச்சத்தால் அடங்கிய பிள்ளை வாய் திறந்து கேட்காது. கேளாத பிள்ளை கற்பதுமில்லை.

"எங்கள் வீட்டில் பாட்டி இருக்கும்போது காப்பகம் எதற்கு?" என்று உழவர் சிலர் வினவலாம். பாட்டியின் அன்புக்கு ஈடு எதுவுமில்லை. ஆனால் ஓடும் பிள்ளையின் பின்னால் ஓடக் கால் வேண்டும். மேலும், பாட்டியின் கதைகளைக் காப்பகத்துக்கே வரவழைக்கலாம். வாரம் ஒருநாள் ஊர்ப் பாட்டிமார் வந்து கதை சொல்வதற்குச் செலவு ஏதுமில்லை.

ஊராட்சியின் கடமை யாது? 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்குரியனவாகக் குறித்த 29 பொருள்களுள் மகளிர், குழந்தைகள் மேம்பாடும் ஒன்று. ஆதலின் இது பிறர் வேலையென்று ஒதுங்க இடமில்லை. நான்கு செயல்களைத் தங்களிடம் வேண்டுகிறேன்.

முதலாவது, மையத்தைச் சுற்றி வேலியும், அருகிலுள்ள கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் அமைத்தல். இரண்டாவது, குடிநீர்க் குழாயும் சிறு பிள்ளைகள் அமரத்தக்க கழிப்பிடமும் பழுதின்றி இருக்கச் செய்தல். மூன்றாவது, மையம் திறக்கும் நேரமும் வயல்வேலை தொடங்கும் நேரமும் பொருந்துகின்றனவா என்று பார்த்தல். தாய் ஏழு மணிக்கு வயலுக்குச் செல்ல, மையம் அதற்குப் பின்னரே திறக்குமாயின், இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை மீண்டும் தமக்கையின் இடுப்புக்கே வந்துவிடும். நடவு, களை, அறுவடைக் காலங்களிலேனும் பொறுப்புள்ள பெண்மணி ஒருவரை அந்நேரத்துக்கு அமர்த்தலாம். நான்காவது, தவழும் குழந்தைகளுக்குத் தனி ஏற்பாடு. அவர்களை ஓடியாடும் பிள்ளைகளோடு சேர்த்து ஒருவரே காத்தல் இயலாது. பாலூட்டும் தாய் இடையில் வந்து செல்ல, நிலத்துக்குரியவர் மனமுவந்து இசைவளிக்க வேண்டும். அந்நேரத்துக்குக் கூலி பிடித்தல் தகாது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், பள்ளிப் பதிவேட்டில் பெயரிருந்தும் நடவு மாதத்தில் வராத சிறுமியர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் யாரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றார் என்றும் கேளுங்கள். அவ்விடைகளைக் கொண்டு தங்கள் காப்பகத்தின் நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்.