வரியில்லாத வட்டியில் எது மேல்?



சம்பள நாளன்று மளிகைக் கடைக் கணக்கையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் தீர்த்தபின் நம் கையில் ஐம்பதோ நூறோ வெள்ளி மிஞ்சலாம். அதனை எங்கே போட்டு வைப்பது என்பது நமக்குச் சிறிய கேள்வியன்று. ஓய்வு பெறும் நாளில் நாம் பால்வெட்டுக் கத்தியை மட்டும் ஒப்படைப்பதில்லை. பெரும்பாலும் குடியிருந்த தோட்ட வீட்டையும் ஒப்படைக்கிறோம். அன்று வாடகைக்கேனும் ஒரு கூரை தேடிக்கொள்ள நம் சேமிப்பே துணை.

"இந்த வட்டிக்கு வரி கிடையாது" என்று சிறப்பாகச் சொல்லி நம்மிடம் பணம் கேட்போர் உண்டு. அச்சொல்லில் மயங்க வேண்டுவதில்லை. நம் நாட்டில் உரிமம் பெற்ற வங்கியில் தனிநபர் போடும் பணத்தின் வட்டிக்கு வருமான வரி இல்லை. ஊழியர் சேமநிதியின் லாப ஈவுக்கும் இல்லை. மேலும், நம்மில் பலருடைய சம்பளம் வரி கட்டும் அளவை எட்டுவதேயில்லை. கட்டாத வரியில் நமக்கென்ன சலுகை? ஆகவே வரியை ஒதுக்கிவிட்டு விகிதத்தைப் பார்ப்போம்.

வங்கி வாசலில் "மூன்று மாத நிரந்தர வைப்பு, 4 விழுக்காடு" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். நூறு வெள்ளி போட்டால் மூன்று மாதத்தில் நான்கு வெள்ளி வரும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த விகிதம் ஓராண்டுக்குரியது. மூன்று மாதத்திற்குக் கிடைப்பது ஒரு வெள்ளியே. தவணை முடியுமுன் பணத்தை எடுத்தால் அந்த ஒரு வெள்ளியும் கிடைக்காது. சாதாரணச் சேமிப்புக் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் வட்டி மிகச் சொற்பம்.

1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதி, 1952-இல் கொடுத்த ஈவு 2.5 விழுக்காடு. 1983 முதல் 1987 வரை அது 8.5 விழுக்காடாக இருந்தது. 2002-இல் 4.25-க்கு இறங்கியது, 2023-இல் 5.50, 2024-இல் 6.30. இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வழக்கமுறைச் சேமிப்புக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஈவு தர வேண்டுமென்று சட்டமே வரையறுத்திருக்கிறது.

ஒன்றிரண்டு விழுக்காடு வேறுபாட்டில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். ஆயிரம் வெள்ளியை இருபது ஆண்டுகள் தொடாமல் விட்டு வைத்ததாகக் கொள்வோம். 2 விழுக்காட்டில் அது ஏறத்தாழ 1,486 வெள்ளியாகும். 5.5 விழுக்காட்டில் 2,918 வெள்ளியாகும். ஏறத்தாழ இரு மடங்கு! வட்டியின்மேல் வட்டி ஏறுவதால் வரும் பயன் இது. நாற்பது வயதில் போட்ட பணம் அறுபதில் என்னவாகும் என்பதை இக்கணக்குக் காட்டுகிறது.

சம்பளத்தில் பிடிக்கும் பங்குக்கு மேலும் நாமே விரும்பிச் சேமநிதியில் போடலாம். எனினும் எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிடுவதும் சரியன்று. 2024 மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டோர் போடும் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் 75 ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 மட்டுமே நினைத்தபோது எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கும் போகின்றன. மூன்றுக்கும் ஈவு ஒன்றே. மழைக்காலத்தில் வெட்டு நாள் குறைந்து வருமானம் சுருங்கும்போது அடுப்பெரிய வேண்டிய பணம், வட்டி சொற்பமானாலும், வங்கிச் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.

இனி, லயத்துக்கு லயம் பேசப்படும் கூட்டு. "மாதம் 5 விழுக்காடு" என்பவரிடம் ஒரு கணக்குச் சொல்லுங்கள்: அது ஆண்டுக்கு 60 விழுக்காடு. நாட்டின் தொழிலாளர் பணத்தையெல்லாம் திரட்டி முதலீடு செய்யும் சேமநிதியே 2024-இல் ஓராண்டு முழுவதற்கும் 6.30 கொடுத்திருக்க, இவர் எங்கிருந்து தருவார்? பின்னால் சேருகிறவரின் முதலைத்தான் முன்னால் சேர்ந்தவருக்கு வட்டியென்று தர முடியும். கூட்டு நிதி நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. உரிமம் பெற்ற வங்கி முறிந்தால், வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை ஈடு கொடுக்கும். கூட்டு பிடித்தவர் இரவோடிரவாகத் தோட்டத்தை விட்டுப் போனால் ஈடு கொடுப்பார் எவருமில்லர்.